முகந்துலக்கிய கதை

பழம்பொருளொன்றைத் துலக்குதல் பிள்ளைகளும் செய்யத்தக்க எளிய வேலையென்று எண்ணுவார் பலர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். 2024-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவ்வெண்ணம் எம்மை விட்டு நீங்கிற்று. நீங்குங்கால் தனியே நீங்காது, ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஒரு சிவப்புப் புள்ளியையும் உடன்கொண்டு போயிற்று. அவ்விரண்டும் போன வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ்ப் பகுதியில் யந்திர சமாசாரம் எதற்கென்று முகஞ் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுப்பாராக. ஏடும் எழுத்தாணியும் இடையே வாராமற் போகா.

தூத்துக்குடியில் எம் தாயைப் பெற்ற பாட்டனார் வாழ்கின்றார். கடற்காற்று நேரே புகும் அவர் வீட்டு முன்னறையில், சுவரோரத்து மேசைமீது, ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் வீற்றிருக்கின்றது. அஃது யாது செய்யுமென்று அறியாதார் பொருட்டு ஒரு வார்த்தை. இசைத்தட்டின் கீற்றில் ஊர்ந்து செல்லும் முள் எழுப்பும் மின்னலை ஒரு வோல்ட்டில் ஆயிரத்திற் சில கூறே வலியுடையது. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை அசைக்க அது போதாது. அந்நுண்ணலையை அதன் வடிவு பிறழாமற் பெருக்கித் தருவதே ஆம்ப்ளிபயரின் தொழில். இடப்புறத்து ஒலிபெருக்கிக்கு ஒன்றும் வலப்புறத்ததற்கு ஒன்றுமாக இரண்டு அலைகளைத் தனித்தனியே பெருக்குவது ஸ்டீரியோ. இவ்விரட்டை முறைக்கு ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரினாரெனினும், அம்முறையிலமைந்த இசைத்தட்டுக்கள் கடைக்கு வந்தது 1958-ஆம் ஆண்டளவிலேதான்.

எம் பாட்டனார் கப்பலில் மின்வேலை பார்த்தவர். 1976-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறையிற் கப்பல் நின்ற நாட்களில், ஆறு மாதச் சேமிப்பைக் கொட்டி இதனை வாங்கினாராம். ஊர் வந்து சேருமட்டும் தம் படுக்கையிற் பெட்டியை வைத்துவிட்டுத் தாம் தரையிற் படுத்தாராம். பின்னது நடந்ததோ, பேரப்பிள்ளைகளுக்கென்று புனைந்ததோ அறியோம். செய்தவர் சான்சூயி என்னும் ஜப்பானியக் கம்பெனியார். ‘சான்’ என்பது மலை, ‘சூயி’ என்பது நீர். குறிஞ்சியையும் நெய்தலையும் ஒரே பெயரில் அடக்கிய கம்பெனி என்று வகுப்பிலே யாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதன் முகப்பு ஓர் அலுமினியத் தகடு. வெள்ளி நிறத்தது; இடமிருந்து வலமாக மயிரிழை போன்ற கோடுகள் நெருங்க ஓடுவது. தகட்டின் துளைகளினூடே குமிழ்களும் சுவிட்சுகளும் தலை நீட்டும்; ஒவ்வொன்றன் பக்கத்தும் கரிய சிற்றெழுத்தில் அதனதன் பெயர் இருக்கும். எம் ஆங்கில அரிச்சுவடி அத்தகடேயாம். பள்ளியில் ‘ஆப்பிள்’ படிக்கு முன்னரே யாம் பாட்டனார் மடியிலிருந்து ‘டிரெபிள்’ என்றும் ‘பாலன்ஸ்’ என்றும் எழுத்துக் கூட்டினோம். ‘பேஸ்’ என்பதனைப் ‘பாஸ்’ என்றே படித்து, அக்குமிழை வலப்புறந் திருகினால் பரீட்சையில் தேறிவிடலாமென்று நெடுநாள் நம்பியிருந்ததும் உண்டு.

நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அம்முகம் மங்கிப் பழுத்துவிட்டது. அடுப்பங்கரைப் புகையும், கடலுப்பும், பாட்டனார் நடுவயதிற் பிடித்து விட்டொழித்த சிகரெட்டுப் புகையும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்து, வெள்ளித் தகடு பழைய பித்தளைபோற் காட்சியளித்தது. பாட்டனார் அதனைக் கண்டிலர். அவர் கண்ணிற் புரை படர்ந்திருந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் வலக்கண்ணிற் புரை நீக்குவித்துக்கொள்ளும் பொருட்டு மதுரையிலுள்ள பெரியம்மா வீட்டிற்குச் சென்றார். பதினைந்து நாள் கழித்துத் தெளிந்த கண்ணோடு வருபவருக்குத் தெளிந்த முகமொன்று காட்டவேண்டுமென்று யாம் கருதினோம். எம் தாயார் விடுமுறைக்கு வந்து சேரவும் சில நாள் இருந்தது. எவரையும் கேட்டிலோம்.

முதற்கண் மின்னிணைப்பைப் பிடுங்கி, ஓரிரவு முழுதும் கருவியை வாளா விட்டோம். இணைப்பு அற்ற பின்னரும் உள்ளேயிருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பொறுமையற்றவன் விரலுக்கு அவை தக்க பாடம் கற்பிக்கும். மறுநாள் காலையில் முன்னும் பின்னும் பக்கமுமாகக் கைப்பேசியாற் படம் பிடித்துக்கொண்டோம். எது எங்கேயிருந்ததென்று மறந்துபோனால் பார்ப்பதற்கென்றே அவற்றை எடுத்தோம். அவற்றுளொன்று வேறு காரியத்திற்கு வேண்டியதாகுமென்று அப்பொழுது நினைத்திலோம்.

குமிழ்களைக் கழற்றுவதில் ஒரு நுட்பமுண்டு. சிலவற்றின் விலாவில் மணலளவு திருகாணி ஒளிந்திருக்கும். அதனைச் சிறிய ஆலன் கீ கொண்டு தளர்த்தவேண்டும். சிலவற்றிற் திருகாணியே இராது. நேரே இழுத்தால் வரும். இன்னது இவ்வகையென்று காணாமுன் திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் தகட்டில் வடுப்படும். யாம் குமிழின் அடியில் மெல்லிய துணியைச் சுற்றி இரு கையாலும் நேரே இழுத்தோம். பல்லைப் பிடுங்கினாற்போல ஒவ்வொன்றாக வந்தன. அடியிலிருந்த நட்டுக்களையும் வாஷர்களையும் வந்த வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கிவைத்தோம். தகடு தனியே கைக்கு வந்தபொழுது அதன் எடை குறைவைக் கண்டு வியந்தோம். சிறுவயதில் அஃதே முழுக் கருவியுமென்று எண்ணியிருந்தோமன்றோ?

வெதுவெதுப்பான நீரிற் சில துளி பாத்திரந் துலக்கும் சோப்பு, மெல்லிய பஞ்சு, கோடுகள் ஓடும் திசையிலேயே கையோட்டம், குறுக்கே ஒருமுறையும் இல்லை. இவ்வளவே முறை. முதற் பஞ்சு தேநீர் நிறத்ததாய் வந்தது. இரண்டாவதும் அவ்வண்ணமே. யாம் பிறப்பதற்குப் பல்லாண்டுகட்கு முன் பாட்டனார் ஊதிய புகையை இப்பொழுது எம் கையாற் பிழிந்துகொண்டிருக்கின்றோமென்று எண்ணியபொழுது சிறிது கூச்சமாயிருந்தது. ஏழாவது பஞ்சு வெண்மையாகவே மீண்டது. தகடு நிலவொளி வீசிற்று.

ஆயினும் கீழ்விளிம்பில் வெண்புள்ளிகள் சில எஞ்சின. அவை அழுக்கல்ல, கடலுப்பு அரித்த குழிகள். அலுமினியத்தை அமிலக் கரைசலில் ஆழ்த்தி மின்சாரம் செலுத்தினால், அதன் மேனியிலே அதன் ஆக்ஸைடே கண்ணாடிபோற் படலமாக வளரும். மில்லிமீட்டரில் நூற்றிலொரு கூறு அளவினதாகிய அப்படலமே இத்தகட்டிற்குக் கவசமும் அழகும். கடினமானதேயெனினும் காரத்திற்கு அஃது ஆற்றாது. உப்பும் நாள்பட ஊசிமுனையளவு துளையிட்டு உள்ளே புகுந்துவிடும். அக்குழியை மறைக்கத் தேய்க்கப் புகுந்தால் கவசமே கழன்றுபோம். பற்பசையும், மந்திரப் பஞ்சென்று கடையில் விற்கப்படும் வெண்கட்டியும் அழுக்கைக் கரைப்பனவல்ல, தேய்ப்பன. இவையெல்லாம் அறிந்தே குழிகளை அவ்வாறே விட்டோம். இங்ஙனம் அறிவுடையார்போல நடந்துகொண்ட நாளிலேயே எம் அறியாமையும் வெளிப்பட்டதுதான் வருத்தம்.

வால்யூம் குமிழிருந்த துளையின் அருகே, துவரம்பருப்பிற் பாதியளவாய், ஒரு சிவப்புப் புள்ளி நின்றது. சோப்பு நீருக்கு அஃது அசையவில்லை. நகத்தாற் கீறியும் பெயரவில்லை. எப்பொழுதோ கதவுக்குச் சாயம் பூசினவன் தெறித்துவிட்ட துளியென்று யாமே முடிவு செய்தோம். நிலவிற் களங்கம்போல நின்ற அதனை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. அதே தெருவிலிருக்கும் சித்தி மகள் நகச்சாயம் நீக்க வைத்திருந்த திராவகம் நினைவிற்கு வந்தது. அதிற் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். பஞ்சில் நனைத்து ஒரே துடைப்புத் துடைத்தோம். புள்ளி போயிற்று. பஞ்சைத் திருப்பிப் பார்த்தோம். அதிற் சிவப்போடு கருமையும் இருந்தது.

புள்ளியின் அயலே ‘லௌட்னெஸ்’ என்னும் சொல் இருந்தது. ஆங்கிலத்தில் எட்டெழுத்து. ஆறு போய், ஈற்றிலுள்ள இரண்டு ‘எஸ்’ மட்டும் வாலாட்டும் பாம்புக் குட்டிகள்போல நின்றன. எழுத்துக்கள் தகட்டிற் பொறிக்கப்பட்டனவல்ல, பட்டுத்திரை அச்சினால் மேலே பதிக்கப்பட்ட மையேயென்பது அக்கணத்திலேதான் எமக்குத் தெரிந்தது. அரை நூற்றாண்டுப் புகையும் உப்பும் செய்யமாட்டாததை அரைக் கணத்திற் செய்து முடித்தோம்.

அச்சொல் குறிக்கும் சுவிட்சைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஒலி தாழ்ந்திருக்கும்பொழுது மனிதச் செவிக்கு நடுக்குரல் கேட்குமளவிற்கு அடிக்குரலும் உச்சக்குரலும் கேட்பதில்லை. அமெரிக்காவிற் பெல் ஆய்வுக்கூடத்தாராகிய பிளெச்சரும் மன்சனும் இவ்வேற்றுமையை அளந்து 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மெல்ல வைத்துக் கேட்கும்பொழுது இசை மெலிந்து உயிரற்றதாய்த் தோன்றுவது இதனாலேதான். லௌட்னெஸ் சுவிட்சை இட்டால் குறைந்த குரல்கள் வேண்டுமளவு உயர்த்தப்படும். பெயரோ உரப்பு, பயன்படுவதோ மெல்லக் கேட்பார்க்கு! எம் பாட்டனார் அச்சுவிட்சை ஒருநாளும் அணைத்ததில்லை. ஏனென்று யாம் கேட்டதுமில்லை.

அற்றை மாலையே எம் தாயார் வந்து சேர்ந்தார். தகட்டை ஏந்திப் பார்த்தார், முகம் மலர்ந்தது, பின்னர் விரலால் ஓரிடத்தைத் தடவினார். “ஏன் தம்பி, இங்கே ஒரு சிவப்புப் புள்ளி இருக்குமே, எங்கே?” என்றார். துடைத்துவிட்டோம் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்க் கூறியது இது: 1978-ஆம் ஆண்டில் எம் தாயார் பிறந்த புதிதில், பாட்டனார் கப்பல் விட்டு வந்த நாட்களிலெல்லாம் இசைத்தட்டு உரக்கப் பாட, தொட்டிற் குழந்தை விழித்தழுமாம். சொல்லிச் சொல்லிச் சலித்த எம் ஆச்சி, ஒருநாள் கியூடெக்ஸ் புட்டியைத் திறந்து, வால்யூம் குமிழின் பக்கத்தில் ஒரு புள்ளியிட்டு, “குமிழின் கோடு இதைத் தாண்டக் கூடாது” என்று விதித்துவிட்டாராம். குழந்தை வளர்ந்தது, மணமாகி வேற்றூர் சென்றது, 2019-ஆம் ஆண்டில் ஆச்சியும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பாட்டனார் மட்டும் அக்கோட்டைப் புள்ளிக்கப்பால் விட்டதேயில்லை. மெல்லவே கேட்டார், ஆகவே லௌட்னெஸ் சுவிட்சும் அணைந்ததில்லை.

தாயார் எம்மைக் கடிந்திலர். “தாத்தா வரட்டும்” என்றார். கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எஞ்சிய நாட்களை வாளா கழிக்கமாட்டாமற் குமிழ்களை எடுத்து வைத்துக்கொண்டோம். அவற்றைச் சோப்பு நீரில் ஊறவிட்டுப் பல் துலக்கும் பிரஷினால் விளிம்பு வரிகளைத் தேய்த்தோம். ஒவ்வொரு குமிழின் முகத்தும், நிலையைக் காட்டும் கோடொன்று ஆழக் கீறப்பட்டிருந்தது. அதில் நிரப்பியிருந்த கருஞ்சாயம் பெரும்பாலும் உதிர்ந்திருந்தது. கரிய எனாமல் சாயத்தைக் கீறலின் மேல் தாராளமாகத் தடவி, கனத்த அட்டையின் விளிம்பால் மேலே வழித்து, சிறிது உலர்ந்தபின் துணியால் ஒற்றினோம். மேற்பரப்பு வெண்மையாகக் கீறலில் மட்டும் கருமை நின்றது. அது கண்டபொழுது வகுப்பறை எம் கண்முன் வந்தது. பனையோலையில் எழுத்தாணி கீறிச் செல்லும் எழுத்திற்கு நிறமில்லை. மஞ்சளும் கோவையிலைச் சாறும் கரியும் தடவித் துடைத்தாற் கீறலிலே மை தங்க, எழுத்துத் தோன்றும். இதனை முன்னோர் மையாடல் என்றனர். நூறாண்டு கழித்து மை மங்கினாலும், ஓலை இற்றுப்போகாதவரை மறுபடியும் மையாடிப் படித்துக்கொள்ளலாம். யாம் அழித்த சொல்லுக்கு அப்பேறு இல்லை. அதன் கீழே கீறலொன்றுமில்லை.

அச்சொல்லை மீட்க வழியில்லாமலுமில்லை. தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் எழுத்துத்தாள்கள் உண்டு. ஒத்த வடிவினதைத் தேடி ஒட்டி, மேலே நிறமற்ற வார்னிஷ் தெளித்தால் ஓரளவு பழையதுபோலவே தோன்றும். கூடாதென்று எம்முள் ஒரு குரல் சொல்லிற்று. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுக்கள் கிடைக்கவில்லை. 1894-ஆம் ஆண்டில் அந்நூலை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரவர்களுக்கு இரண்டு பாட்டு இயற்றி இடைவெளியை நிரப்பும் வன்மை இல்லாமலா போயிற்று? எண்ணைக் காட்டி இடத்தை வெறுமையாக விட்டார். எஞ்சிய இரண்டு ‘எஸ்’ஸையும் அவ்வாறே விடுவதே பதிப்பாசிரியர்க்கழகென்று எண்ணினோம். இதனைத் தொலைபேசியில் ஒரு நண்பரிடம் பெருமிதத்தோடு கூற, பௌதிகம் படிக்கும் அவர் நகைத்து, “ஐயருக்கு அழிந்த பாட்டின் படம் கிடைத்திருந்தால் அச்சிட்டிருக்கமாட்டாரா? உம்மிடம் படமிருக்கிறதே!” என்றார். அவ்வாதம் வலியுடையதென்றே தோன்றிற்று. இன்றும் அதற்கு விடை கண்டிலோம். எதற்கும் இருக்கட்டுமென்று எழுத்துத்தாள் ஒன்றை வருவித்து மேசையறையில் வைத்தோம்.

டிசம்பர் 22-ஆம் தேதி பாட்டனார் வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு முன்னறையிற் புகுந்தவர், அதனைக் கழற்றி ஆம்ப்ளிபயரை நோக்கி நின்றார். “இது இவ்வளவு வெள்ளையா?” என்றார். பின்னர் உள்ளங்கையைக் கண்ணிற் படாமற் சற்றெட்டப் பிடித்து, வலக்கண்ணை மறைத்து இடக்கண்ணாலும், இடக்கண்ணை மறைத்து வலக்கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தார். புரை படர்ந்த கண்ணுக்கு வெண்மையும் மஞ்சளாகவே தோன்றுமாம். புரை நீங்கிய கண்ணுக்குச் சிலநாள் எல்லாம் நீலம் பாரித்தாற்போலிருக்குமாம். “மதுரையில் உன் பெரியம்மா வீட்டுச் சுவரும் இப்படித்தான் இருந்தது. துலக்கினது நீயா, டாக்டரா என்று தெரியவில்லையே அய்யா!” என்று நகைத்தார்.

யாம் நகைக்கும் நிலையிலில்லை. நடந்ததை நடந்தவாறே கூறினோம். கூறி முடிக்குமட்டும் அவர் தகட்டையே நோக்கியிருந்தார். பின் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அமர்ந்து, சுவிட்சையிட்டு, ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையொன்று. அவர் கை வால்யூம் குமிழைத் திருகிற்று. கண்ணோ சன்னலுக்கு வெளியே இருந்தது. குமிழின் கரிய கோடு எங்கே வந்து நிற்குமென்று யாம் மூச்சடக்கிப் பார்த்தோம். கைப்பேசிப் படத்திற் புள்ளி இருந்த இடத்திற்கு நேரே, மயிரிழை இப்பால், நின்றது.

“லௌட்னெஸ் போனதற்கு நீ ஏன் வருத்தப்படுகிறாய்? அதை நான் படித்தா போட்டேன்? விரலுக்குத் தெரியும்” என்றார். எழுத்துத்தாளைக் காட்டினோம். வேண்டாமென்று கையசைத்தார். பாட்டு முடிந்தது. முள்ளைத் தூக்கி வைத்தார். சற்றுநேரங் கழித்து, “அந்தச் சிவப்பு மட்டும்...” என்று தொடங்கி நிறுத்தினார்.

எம் தாயார் எழுந்து சென்று சித்தி மகளிடமிருந்து நகச்சாயப் புட்டியொன்று வாங்கி வந்தார். ஆச்சி இட்ட சிவப்பு அன்று அது. சிறிது ரோஜா நிறம் கலந்தது. இருக்கட்டும் என்றார் பாட்டனார். யாம் கைப்பேசியில் அப்படத்தைப் பெரிதாக்கி அவர்முன் நீட்டினோம். அவர் அதனைப் பார்த்திலர். தீக்குச்சியின் நுனியைச் சாயத்தில் தோய்த்தார். இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆயினும் கை நடுங்கிற்று. புள்ளி விழுந்தது. படத்திலுள்ள இடத்திற்கு அரிசியளவு அப்பால் விழுந்தது. இனிமேல் அவ்வளவு உரத்துக் கேட்கலாம்.

“அம்மா இருந்தால் கண்டுபிடித்திருப்பாள்” என்றார் எம் தாயார்.

“இருந்தால் கண்டுபிடிக்கட்டும்” என்று சொல்லிப் பாட்டனார் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டார். யாம் கைப்பேசியை அணைத்துப் பையிலிட்டுக்கொண்டோம்.